இரண்டு மைக்குக்கு ஒரு பெட்டி

"பாடப் போறது எத்தனை பேர்?" என்று கேட்டார் கடைக்காரர் சமத்.

"ஒருத்தர்தான். இவ" என்று என் மனைவி ஜிபராவைக் காட்டினேன்.

"நீங்க பாடலையா?"

"இவரு பாடினா லிஃப்ட் சிக்கிக்கிச்சுன்னு பக்கத்து வீட்டுல புகார் கொடுப்பாங்க" என்றாள் ஜிபரா. "அந்தப் புகாருக்கு ஓடறதும் இவருதான். லிஃப்ட் மெக்கானிக்."

சமத் சிரித்துவிட்டார். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில், பெரிய கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் நின்றிருந்தோம். கண்ணாடி மேஜைமேல் உள்ளங்கை அளவில் இரண்டு பெட்டிகள். மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒன்றில் மைக் சொருக ஒரு துளை, மற்றதில் இரண்டு.

ஜிபரா இதய மருத்துவர். துருக்கியில், அங்காராவில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் மகன் எல்தியாருக்கு, நடக்கத் தொடங்கும் பிள்ளையின் காலில் கயிறு கட்டி வெட்டிவிடும் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. விழுந்து எழுந்து நடக்கிறான். பகலில் என் அக்கா பார்த்துக்கொள்வாள். சிக்கல் தூக்கம்தான். அம்மா பாடாவிட்டால் கண்ணை மூட மாட்டான். போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். போனைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் அம்மா இல்லை. தள்ளாடிப் போய் வாசல் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டான்.

"அவன் தூங்கலேன்னா நான் போகல" என்று ஜிபரா எனக்கும் சொல்லிவிட்டாள், மருத்துவமனைக்கும் சொல்லிவிட்டாள்.

"போன்ல குரல் சின்னதாயிடும். அதான் பயந்துட்டான்" என்றார் சமத். "நல்ல மைக், இந்தப் பெட்டி, ஒரு ஸ்பீக்கர். பக்கத்துல உட்கார்ந்து பாடற மாதிரியே கேக்கும். உங்களுக்கு ஒரு துளை போதும். சும்மா காசை வீணாக்காதீங்க."

எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. பர்ஸை எடுத்தேன்.

"ரெண்டு துளை இருந்தா என்ன ஆகும்ணே?" என்று கேட்டாள் ஜிபரா.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல பாடலாம். ரெண்டும் தனித்தனியா பதிவாகும். அப்புறம் ஒரு குரலைக் கூட்டி இன்னொன்னைக் குறைச்சுக்கலாம்."

"எவ்வளவு குறைக்கலாம்?"

"இல்லாமலே போற வரைக்கும்."

ஜிபரா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு துளை உள்ளதையே கொடுங்க" என்றாள்.

படியிறங்கும்போது சண்டை பிடித்தேன். "எதுக்கு அது? நீதானே பாடப்போற?"

"குளிர்காலத்துல கரண்ட் போகும். ஸ்பீக்கர் பாடாது. அப்ப உன் பிள்ளை யார்கிட்ட தூங்குவான்?"

"அக்கா இருக்கா."

"நீ இருக்கே. ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவோம். தினமும் என்னைக் கொஞ்சம் குறை, உன்னைக் கொஞ்சம் கூட்டு. நான் கிளம்பறதுக்குள்ள உன் குரல் மட்டும் இருக்கணும். அதுக்குத் தூங்கிட்டான்னா எனக்குக் கவலையில்ல."

"உன் குரலை நானே அழிக்கணுமா?"

"பேருந்து வருது, ஏறு" என்றாள்.

மறுநாள் மதியம் எல்தியாரை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வீட்டிலிருந்த மெத்தைவிரிப்புகளையெல்லாம் வெளிச்சத்தம் புகாதபடி நாற்காலிகள்மேல் போட்டு ஒரு கூடாரம் கட்டினோம். உள்ளே காலித் தொட்டில், லேப்டாப், இரண்டு மைக். மைக்குகளைத் தள்ளி வைத்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்காரச் சொல்லியிருந்தார் சமத். உட்கார்ந்தோம். இரண்டு அடி பாடிவிட்டு ஜிபரா நிறுத்தினாள்.

"தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எவ தாலாட்டு பாடுவா? எனக்கு வரல."

"காலியாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும்."

திரும்பி உட்கார்ந்தாள். நானும் திரும்பினேன். தொட்டிலின் இரண்டு பக்கமும் மைக்கை இழுத்துக்கொண்டோம். முழங்கால் இடித்துக்கொள்ளும் நெருக்கம்.

"குதிரை தூங்கியாச்சு, கூரை தூங்கியாச்சு" என்று அவளே கட்டிய பாட்டு. குதிரையிலேயே நான் தடுக்கி விழுந்தேன்.

"கழுதை கத்துது" என்றாள்.

"இந்தக் கழுதையைத்தான் கட்டிக்கிட்டே."

"அப்ப நீ பாடிக் காட்டலையே!"

சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி, கடைசியில் ஒருவழியாக முழுப் பாட்டும் பதிவாகியது.

முதல் நாள் இரண்டு குரலையும் சமமாக வைத்துத் தொட்டிலருகே ஸ்பீக்கரைப் போட்டேன். எல்தியார் அம்மாவைத் தேடித் தலையைத் திருப்பினான், கதவுக்கு ஓடவில்லை. என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். அடுத்த நாள் அவள் குரலைக் குறைக்க வேண்டும். திரையில் அவள் பெயர் போட்ட ஒலியளவுப் பட்டையைக் கீழே இழுக்க எனக்குக் கை வரவில்லை. அவளே வந்து, நோயாளிக்கு மருந்தளவைக் குறைப்பதுபோல, ஒரு விரலால் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனாள். அதன்பின் தினமும் அவள்தான். நான் ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடப் பழகினேன். ஒருநாள் வேலையிடத்தில், லிஃப்ட் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு அந்தப் பாட்டையே முணுமுணுத்திருக்கிறேன். மேலே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் மதியம், அவள் பட்டை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஜிபரா சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எல்தியாரைத் தொட்டிலில் போட்டேன். ஸ்பீக்கரில் என் கரகரப்பு மட்டும். அவன் ஒருமுறை சிணுங்கினான், என் சுண்டுவிரலைப் பிடித்தான், தூங்கிவிட்டான்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு ஜிபரா வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏமாத்திட்டே. என் குரலை விட்டு வெச்சிருக்கே."

"சத்தியமா இல்ல. நீயே பாரு."

பார்த்தாள். அவள் பட்டை அடியில்தான் கிடந்தது. ஆனால் என் குரலுக்குப் பின்னால், பக்கத்து அறையிலிருந்து பாடுவதுபோல, மெல்லியதாக அவள் இருந்தாள். எனக்குப் புரியவில்லை. சமத்துக்குப் போன் போட்டோம்.

"எதிரெதிரே உட்கார்ந்து பாடினீங்களா?" என்று கேட்டார். "அதான். அவங்க குரல் உங்க மைக்குலயும் விழுந்திருக்கு. இப்ப பிரிச்சு எடுக்கறது கஷ்டம். தனித்தனி அறையில உட்கார்ந்து மறுபடி பாடுங்க, சுத்தமா வந்துடும்."

போனை வைத்தேன். "ராத்திரி இவன் தூங்கற வரை நேரமிருக்கு. மறுபடி பண்ணிடலாமா?" என்று கேட்டேன்.

ஜிபரா தொட்டிலைப் பார்த்தாள். எல்தியாரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் குதிரை தூங்கி, கூரை தூங்கி, பாட்டு முடிகிற இடம் வந்தது. என் குரல் நின்றபின் அவள் குரலின் இழுவை ஒரு நொடி கூடுதலாக நீண்டது.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள். குனிந்து அவன் நெற்றியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். "போயிட்டு வரேன்டா கண்ணு."

"நாளைக்குத்தானே கிளம்பறே?"

"சொல்ல வருதான்னு பார்த்தேன்" என்றாள். "வருது."