அக்கா முடுக்கிய ஸ்க்ரூ

தையல் ஆலையில் அவளுக்கு 'டைட் அக்கா' என்று பெயர். வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் அந்த இடத்தில் எது மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் முடுக்கிய ஸ்க்ரூவைக் கழற்ற ஆளுக்கு மேல் ஆள் வேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் கிண்டலடிப்பார்கள். முகத்துக்கு நேராகவும் அடிப்பார்கள். அக்காவுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி. மெக்கானிக் என்று சட்டைப்பையில் தைத்திருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஓவன் காலை வாரிவிட்டது. அதுவும் அன்றைக்குப் பார்த்து.

தங்கை கேக் செய்பவள். அவள் வேலை பார்த்த கடையை இழுத்து மூடிய பிறகு போன இடமெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பல மாதம் கழித்து, ஊரிலேயே பெரிய பேக்கரியின் முதலாளியம்மா மட்டும் வேறு மாதிரி பேசினார். "உன் வீட்டு ஓவன்ல, உன் கையால ஒரு கேக் பண்ணிச் சாயங்காலம் எடுத்துட்டு வா. வாயில வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்." அந்தச் சாயங்காலம் அன்றைக்குத்தான். காலையில் மாவைக் கலக்கும் முன் ஓவனைச் சூடாக்கலாம் என்று தங்கை குமிழைத் திருகினாள். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் வாயை மூடியது, வீடே கப்சிப்.

"அக்கா, போச்சு!"

"என்னடி போச்சு?"

"கரண்ட் போச்சு, ஓவன் போச்சு, என் வேலையும் போச்சு."

"வேலையை நீ இன்னும் வாங்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படிப் போகும்? தள்ளு."

மீட்டர் பெட்டியில், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் விழுந்திருந்தது. அக்கா தூக்கிவிட்டாள். பிறகு ஓவன் குமிழை ஒவ்வொரு இடமாக நிறுத்திப் பார்த்தாள். உள்விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. சூடேற்றும் மேல் காயில் செக்கச்செவேல் என்று சிவந்தது. கீழ்க் காயிலுக்குத் திருப்பியதும் மறுபடி டப்பென்று எல்லாம் அடங்கிவிட்டது.

"ஆள் அகப்பட்டான்" என்றாள் அக்கா.

தங்கை சமையலறை வாசலிலேயே நின்றாள். கரண்ட் என்றால் அவளுக்குக் குலை நடுக்கம். மிக்ஸி சுவிட்சைக்கூட மரக்கரண்டியின் காம்பால்தான் தட்டுவாள். அக்கா ப்ளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு, ஓவனைத் திருப்பி, முதுகுத் தகட்டைக் கழற்றினாள். கீழ்க் காயிலின் இரண்டு வயர்களையும் விடுவித்தாள். தன் பெட்டியிலிருந்து கை மீட்டரை எடுத்து, அதன் ஒரு முனையைக் காயிலில் வயர் மாட்டும் காதிலும் மறு முனையை ஓவன் உடம்பிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே சம்பந்தமே இருக்கக் கூடாது. இருந்தது. காயிலில் ஓட வேண்டிய கரண்ட் உடம்புக்குக் கசிகிறது, அதனால்தான் ட்ரிப்பர் விழுகிறது.

காயில் செத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவள், விரல் நுனியைப் பார்த்தாள். ஈரம். மூக்கில் வைத்தாள். எலுமிச்சை வாசனை.

"ஏண்டி, இதைக் கழுவினியா?"

தங்கை மெல்லத் தலையாட்டினாள்.

"உள்ள மட்டுமா, பின்னாடியுமா?"

"பின்னாடி ஓட்டை ஓட்டையா இருந்துச்சுல்லக்கா... அந்த வழியா சோப்புத் தண்ணி பீச்சினேன். நல்ல நாளும் அதுவுமா அழுக்கா இருக்கக் கூடாதேன்னு."

அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. முக்கியமான காரியம் எது வந்தாலும் முதல் நாள் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிவிடுவார்கள். பரீட்சைக்குப் போகும்போது செருப்பைக் கழுவி, ஈரச் செருப்போடு வழுக்கி விழுந்தவள் இந்தத் தங்கை. அவளைத் திட்ட ஆரம்பித்த அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"ஓவனுக்குத் தலைக்கு ஊத்தி விட்டிருக்கா பாரு! வா, துவட்டிவிடலாம். ஹேர் ட்ரையரை எடுத்துட்டு வா."

வெப்பக் காற்று பட்டுக்கொண்டே இருக்க, மீட்டரில் எண் மெல்ல மெல்ல ஏறியது. ஏற ஏறக் கசிவு குறைகிறது என்று அர்த்தம். அக்கா ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தாள். அவளுக்கு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் கை ஓடும். கடைசியில் மீட்டர் கசிவே இல்லை என்றது. அதற்குள் ஆலை வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டது. அக்கா வயர்களை மாட்டி, தகட்டை வைத்து அழுத்தி, ஸ்க்ரூக்களைத் தன் பெயருக்கேற்ற மாதிரி முடுக்கி, ப்ளக்கைச் சொருகிக் குமிழைத் திருகினாள். கீழ்க் காயில் சிவந்தது. எதுவும் அணையவில்லை.

"கலக்கு மாவை!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அன்று முழுக்க ஆலையில் அவள் பேச்சு ஓவன்தான். ஓவனைக் குளிப்பாட்டிய கதையைத் தேநீர் இடைவேளையில் ஒரு தடவை, சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை சொன்னாள். "புதுசு வாங்கியிருப்பாங்க, வேற யாராவதா இருந்தா" என்று ஒவ்வொரு தடவையும் முடித்தாள். சூப்பர்வைசர், "உன்னை மாதிரி ஒரு கை வேணும் வீட்டுக்கு" என்றதும் இன்னும் கொஞ்சம் உயர்ந்துவிட்டாள். போன் லாக்கரில் கிடந்தது. வேலை நேரத்தில் எடுக்க விடமாட்டார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "பாத்தியா! யாரு கை இது? டைட் அக்கா கைடி!"

"போனைப் பாக்கலையா நீ?"

"பாக்கல. ஏன்?"

தங்கை ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவள் கையில் வைத்தாள். "ப்ளக் பிடுங்கித்தான் இருக்கு. பின்னாடி அந்த ஓரத்து ஸ்க்ரூவைக் கழட்டிப் பாரேன்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ஸ்க்ரூ வெண்ணெயாக வந்துவிட்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

"யாரு இதுல கை வச்சது?"

"நான்தான்."

முதல் கேக் பாதி எழும்பும்போதே ட்ரிப்பர் விழுந்ததாம். திறந்து பார்த்தால் நடுவில் குழி. போன் அடித்து அடித்து ஓய்ந்து, உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாளாம். பிறகு முட்டையை எண்ணிப் பார்த்தாளாம். இன்னொன்று செய்ய இருந்தது, ஓவன்தான் இல்லை. "நீ காலையில பண்ணதைத்தானே பண்ணணும்னு தோணுச்சு. ப்ளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினதை ஜன்னல் கம்பியில கட்டி வச்சேன், தானா போய்ச் சொருகிக்கக் கூடாதுல்ல. சூடு ஆறுற வரைக்கும் காத்திருந்தேன். உன் ஸ்க்ரூவுக்கு என் ரெண்டு கையும் பத்தல, தொங்கினேன்."

"மறுபடி ஈரமா?"

"நானும் அதான் நெனச்சேன். தொட்டுப் பாத்தேன், எங்கேயும் ஈரமே இல்ல. அப்புறம் காலைல சில்லுன்னு இருந்தப்ப ஓடுச்சு, சூடானப்ப விழுந்துச்சுன்னா, சூட்டுல என்ன மாறும்னு யோசிச்சேன். வயரை ஒவ்வொண்ணா தடவிட்டே வந்தேன். இங்க பாரு."

அக்கா குனிந்து பார்த்தாள். ஒரு வயர் தகட்டின் விளிம்புக்கு அடியில் சிக்கி நசுங்கிய தடம். அவசரத்தில் வயரை ஒதுக்காமல் தகட்டை அழுத்தி முடுக்கியிருக்கிறாள். சூடேறியதும் நசுங்கிய உறை இளகி, உள்ளே இருந்த கம்பி தகட்டைத் தொட்டிருக்கிறது. இப்போது அந்த இடத்தில், அக்காவின் பெட்டியிலிருந்து எடுத்த சூடு தாங்கும் உறை சீராக மாட்டப்பட்டிருந்தது. வயர் விளிம்பை விட்டு விலகி, உள்பக்கமாக வளைந்து போனது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று அக்கா தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மீட்டர் வச்சுப் பாத்தியா, மூடுறதுக்கு முன்னாடி?"

"மூடின பிறகும் பாத்தேன். நீ மூடின பிறகு பாக்கலல்ல?"

அக்காவுக்கு முகம் சிவந்தது. ஒரு நிமிடம் உண்மையிலேயே வலித்தது. மறு நிமிடம் அந்த வலியை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று பொங்கி வந்தது. மரக்கரண்டியால் சுவிட்ச் போடுகிறவள்! அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகுத் தகட்டைத் திறந்தவள்!

"எனக்கு உன்னை நெனச்சா பெருமையா இருக்குடி" என்றாள்.

மறுநாள் ஆலையில் சூப்பர்வைசர், "என்ன, உன் ஓவன் ஓடுதா?" என்று கேட்டார்.

"நான் வயரை நசுக்கிட்டேன் சார். நடுவுல நின்னுபோச்சு" என்றாள் அக்கா. சுற்றி இருந்த கைகள் நின்றன. தன் வாயால் தன் தப்பை அவள் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. "நான் விட்டதைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணது என் தங்கச்சி. கேக்கும் பண்ணி, வேலையும் வாங்கிட்டா."

மெஷின்கள் ஓடிய சத்தத்தில் கடைசி வரிசைக்கு அது கேட்கவில்லை. அக்கா அங்கே நடந்துபோய் இன்னொரு தடவை சொன்னாள்.