அக்கரைக்காரன் அழமாட்டான்

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் வசனப் புத்தகத்தோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, நாடகம் பார்க்க வந்திருந்தவர்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. நடிகர்கள் வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. முப்பத்தாறு வருடமாக இதே வேலை. தட்டியில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியாக அவள் நாடகத்தைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். மனிதர்கள்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை எதுவும் மிஞ்சாமல் போனதற்கு அந்தக் கிழிசல்தான் காரணம்.

‘அக்கரைக்காரன்’ மூன்றாவது முறையாக மேடை ஏறியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் பிழைப்பு தேடி வருகிறான்; கிணற்றில் விஷம் கலந்தான் என்று பழி போட்டு ஊர் அவனைத் துரத்துகிறது. அவ்வளவுதான் கதை. முதல் முறை அக்கரைக்காரனாக நடித்தவன் அவளுடைய அண்ணன். ஊர்த்தலைவருக்கு எதிரே நிமிர்ந்து நின்று, “தண்ணிதான் கேட்டேன், உங்க ஊரைக் கேக்கல” என்பான். அரங்கமே கொதிக்கும். “எங்கிருந்தோ வந்தவனுக்கு வாயைப் பாரு!” தலைவர் அவனை அறைந்தால் கைதட்டல். பதினோராவது நாள் யாரோ வீசிய சோடா பாட்டில் காதோரம் பட்டு உடைந்தது. வலது காது போயிற்று, நடிப்பும் போயிற்று. அதன்பின் அண்ணன் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டினான்.

பதினெட்டு வருடம் கழித்து மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை அக்கரைக்காரன் தலைவரை அடித்துத் துவைத்தான். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். பாட்டில் வீசிய கையெல்லாம் விசிலடிக்க விரலை மடக்கி வாய்க்குள் விட்டுக்கொண்டது. அரங்கத்துக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த வெளியூர்க் கூலியாட்களைக் காலி பண்ணச் சொல்லி மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும் அதே விசில்காரர்கள்தான்.

இப்போது வருகிறவர்கள் படித்தவர்கள், கைக்குட்டையோடு வருகிறவர்கள். புது டைரக்டர் அக்கரைக்காரனை மண்டியிட்டு அழவைத்திருந்தான். “அப்பதான் ஆடியன்ஸ் கனெக்ட் ஆவாங்க மேடம்” என்றான். ஆனார்கள். இடைவேளையில் மூக்கைச் சிந்தியபடியே வெளியே போய், காபி ஆறிப்போயிருக்கிறது என்று கேன்டீன்காரனை உண்டு இல்லை என்று பண்ணினார்கள்.

அன்றைக்கு அண்ணன் வந்திருந்தான். “ஒரே ஒரு தடவை பாத்துடறேன் பாப்பா” என்று கேட்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். மூன்றாவது வரிசையில், மிஷின் எண்ணெய்க் கறை போகாத சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

மேடையில் அக்கரைக்காரன் தலைவரின் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் எழுந்துவிட்டான்.

“அழாதடா! அவன் அழமாட்டான்!”

மறு காதும் மந்தமாகிவிட்டவனின் குரல். தனக்குள் சொல்லிக்கொள்வதே ஊருக்குக் கேட்கும்.

பக்கத்திலிருந்த பெண் கைக்குட்டையால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “சார், ப்ளீஸ். நாங்க ஃபீல் பண்ணிட்டிருக்கோம்” என்றாள்.

“என்னம்மா?” என்றான் அண்ணன், இன்னும் சத்தமாக.

“யாருங்க இந்த ஆளு? இவரையெல்லாம் எப்படி உள்ள விட்டீங்க?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

டார்ச் லைட் வந்தது. இரண்டு பேர் அண்ணனின் தோளில் கை வைத்தார்கள். அவன் கைகளை உதறிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தானாகவே வாசலைப் பார்த்து நடந்தான்.

மேடையில் நடிகனுக்கு வசனம் மறந்துவிட்டது. தண்ணிதான் கேட்டேன். அவள் விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. பையன் ஓரக்கண்ணால் தட்டியைப் பார்த்தான். பாட்டில் உடைந்த அன்று, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும், காட்சி நிற்கக்கூடாது என்று மாற்று நடிகனுக்கு வரி வரியாக எடுத்துக்கொடுத்தபடி இதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் அவள். அந்த ஜனங்களில் ஒருத்தி. அதிலும் கேடுகெட்டவள்.

புத்தகத்தை மூடி முக்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். பக்கவாட்டு நடையில் பாதி தூரம் போயிருப்பாள். மேடையில் பேச்சே இல்லை. பிறகு ஒரு கைதட்டல், இரண்டு, முழு அரங்கமும். அவன் திருதிருவென்று முழித்ததை மௌன நடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அண்ணன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுடைய இடதுபக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

“ஏன் வந்துட்ட? பையன் முழிப்பானே.”

“முழிக்கட்டும். அதுக்கும் கைதட்டுறாங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. “அன்னைக்கு நான் உன்கூட வந்திருக்கணும்ணே” என்றாள். அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. “வெயில் சுடுது, தள்ளி உக்காரு” என்றான்.

நாடகம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. நடிகனும் வேஷத்தோடே வந்தான், கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமல். எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். கைக்குட்டைக்காரி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், எங்க ரெண்டு பேரையும் ஒரு ஃபோட்டோ எடுக்கறீங்களா?”

அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனோ போனை வாங்கி, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான்.

“தம்பி, தலையைத் தொங்கப் போடாத. நிமிந்து நில்லு. நேரா என்னைப் பாரு.”

பையன் நிமிர்ந்தான். தோள் விரிந்தது, தாடை இறுகியது, கண் ஒரு இடத்தில் நின்றது. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, தன்னையறியாமல் அரையடி விலகி நின்றாள்.

“அப்படித்தான்” என்றான் அண்ணன், போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி. “இன்னும் கொஞ்சம்.”