கல்லறைக் கல்லில் இரண்டு பெயர்

பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கும் சந்தியோகுவுக்கு அறுபத்தொரு வயதில் மறுபடி கல்யாண ஆசை வந்த செய்தி, அவருக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. பெண் கத்தரீனா, ஆஸ்பத்திரியில் அற்றெண்டன். அவளுடைய புருஷன் இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன். வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அவள் அவரிடம் கேட்பது கால் கிலோ மலிவுச் சூடை மீன், பைக்குள் போவது அரைக் கிலோ விலை கூடிய பாரை. இதைக் கவனிக்க யாருக்கும் மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை.

வருகிற தை மாதம் கோயிலில் கல்யாண அறிவித்தல் ஓலை வாசிப்பது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கும் சந்தியோகுவின் மகள்கூட இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு ஓம் சொல்லிவிட்டாள். குறுக்கே நின்றது ஒரு கல்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன் மனைவி லூர்த்தம்மா செத்தபோது செய்வித்த கறுப்புக் கல் அது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால், சந்தியோகு இங்கிலீசு ரியூசன் நடத்தும் எமில்ராஜ் மாஸ்ரரிடம் போய் நின்றார்.

“மாஸ்ரர், கல்லிலை வெட்ட இங்கிலீசிலை அழியாத சொல்லாய் ஒண்டு தாங்கோ.”

மாஸ்ரருக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்நாளில் வந்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேர்மனன்ற் எண்டு இருக்கு. அது உத்தியோகத்துக்கு, அறுபதிலை பென்சன். லைஃப்ரைம் வேண்டாம், தண்ணித் தாங்கியிலை உத்தரவாதம் எண்டு போடுறது. என்ரை தாங்கி மூண்டாம் வருஷமே வெடிச்சுப்போச்சு. இற்றேர்னல் ஆண்டவருக்கு. எவர்லாஸ்ற்றிங் நீளம், கல்லுக் காணாது.”

“அப்ப மனுசருக்கு ஒண்டும் இல்லையோ?”

“இருக்கு. ருகெதர் ஃபோரெவர். எண்டெண்டைக்கும் ஒண்டாய். ஆனா ஒண்டாய் எண்டு எழுதினால் ரெண்டு பேர் வேணுமப்பா.”

சந்தியோகு அரை நிமிஷமும் யோசிக்கவில்லை. லூர்த்தம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் வெட்டச் சொன்னார். ஊர்ப் பெண்கள் கண் கலங்கினார்கள். கட்டினால் இப்படி ஒருத்தனைக் கட்டியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு புருஷன்மாருக்கு ஏச்சு விழுந்தது.

இந்தக் கார்த்திகை, செத்தவர்களுக்குத் திரி கொளுத்தும் ஆத்துமாக்கள் திருநாளன்று, அவரே கத்தரீனாவைச் சேமக்காலைக்குள் அந்தக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். மரியாதைக்குத்தான். புருஷனுக்குக் கல்லறை இல்லாததால் வருஷாவருஷம் வாசலில் நிற்கும் பெரிய குருசடியில் திரி கொளுத்திவிட்டுப் போகிறவள், முதல் தடவையாக உள்ளே வந்து கல்லை வாசித்தாள். மெழுகு விரலில் வழிந்தும் கையை உதறவில்லை.

“உங்கடை பேரும் கிடக்கு.”

“அது அப்ப வெட்டினது.”

கத்தரீனா திரியைக் கல்லின் காலடியில் நட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தாள். அது அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமையே சந்தியோகு கல் வெட்டும் அருளம்பலத்தைக் கூட்டி வந்தார். கத்தரீனாவையும் வரச் சொல்லியிருந்தார். தன் துணிச்சலை அவள் பார்க்கட்டும் என்ற எண்ணம். கிரைண்டருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். அந்த வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்ததால்தான் மீதிக் கதை நமக்குக் கிடைத்தது.

அருளம்பலம் கல்லைத் தடவிப் பார்த்தான். “உங்கடை பேரை மட்டும் தேய்க்கலாம், அண்ணை. ஆனா பிறகு லூர்த்தம்மா அக்கா தனிய நிண்டு எண்டெண்டைக்கும் ஒண்டாய் எண்டு சொல்லிக்கொண்டிருப்பா. ஆரோடை எண்டு சனம் கேக்கும். அந்த வரியையும் எடுக்கவேணும்.”

“எடு.”

கிரைண்டர் கல்லைத் தொட்டு ஒரு கீறல்தான் போட்டிருக்கும். “நிப்பாட்டுங்கோ தம்பி” என்றாள் கத்தரீனா. பிறகு இவர் பக்கம் திரும்பினாள். “நான் இதைச் செய்யச் சொல்லிக் கேக்கேல்லை, சந்தியோகண்ணை.”

ஒரு வருஷமாக அந்த ‘அண்ணை’ அவள் வாயில் வந்ததில்லை.

“நீர் கேக்காட்டிலும் நான் செய்யவேணுமெல்லே.”

“தேய்ச்சால், அஞ்சு வருஷத்திலை அழிக்கிற கை எண்டு உங்களைப் பாக்கிற நேரமெல்லாம் நினைப்பன். தேய்க்காட்டில், நாளைக்கு உங்களை இதுக்குள்ளை வைச்சிட்டு நான் வெளியிலை மெழுகுதிரியோடை நிக்கவேணும். ஒரு மனுசனுக்காக நிண்டது காணும் எனக்கு.”

அந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போகாதையும் என்று ஒரு சொல் போதும். சந்தையில் ஒரு பாரைக்கு ஒன்பது கதை சொல்லுகிற வாய் அது. ஆனால் லூர்த்தம்மாவின் பெயர் மேல் கிரைண்டர் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் குனிந்து, கட்டியிருந்த சாரத்தின் நுனியால் அதைத் துடைத்தார். எழுத்து எழுத்தாகத் துடைத்தார். நிமிர்ந்தபோது கத்தரீனா சேமக்காலைப் படலையைத் தாண்டிவிட்டாள்.

அருளம்பலம் வயரைச் சுருட்டினான். தொழில்காரனாக ஆறுதல் சொன்னான்.

“பறவாயில்லை, அண்ணை. நல்ல கல்லு. உங்கடை பேருக்குக் கீழை திகதிக்கு மட்டும் இடம் விட்டுக் கிடக்கு. அதுக்கு நான் வந்து வெட்டித் தாறன்.”