இருளப் பேச்சுக்கு இரண்டு இடம்

நாற்காலியின் ஒரு கால் குட்டை, அசைந்தால் டக்கென்கிறது, அசையாமல் உட்கார்ந்து எதிரே நிற்கும் பெண்ணிடம் எங்கள் பேச்சில் கேட்கிறேன், பதியிலிருந்து, அந்த இருளர் குடியிருப்பிலிருந்து, எப்படி வந்தாய் என்று, பஸ்ஸுலதானுங்க மேடம் என்கிறாள் தமிழில், அடுத்த கேள்விக்கும் தமிழ், அதற்கடுத்ததற்கும், என் முன்னாலிருக்கும் தாளில் இருளப் பேச்சு தெரியுமா என்ற கட்டம் காலியாக இருக்கிறது, தெரியாது என்று எழுதினால் இவள் கதை முடிந்தது, பதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சிலேயே பாடம் சொல்ல ஆள் வேண்டுமென்று ஆசிரியர் பயிற்சியில் ஒதுக்கியதே இரண்டு இடம், ஒன்று காலையிலேயே போய்விட்டது.

நிற்பது இவளா நானா, துணியின் ஓரத்தைத் திருகுகிற கை என்னுடையதுதான், ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, நாற்காலியிலிருந்து வாத்தியார் ஏதோ கேட்கிறார், தமிழ், ஒன்றும் பிடிபடவில்லை, ஊமைப் புள்ளையாட்ட இருக்குது, ஓரமா உக்காரட்டும் என்கிறார், அதற்கு அர்த்தம் புரியவே ஒரு வருடமானது, புரிந்தபோது பட்ட சூட்டில் நாற்காலியில் இருப்பவர் யாரானாலும் தமிழ்தான் என்றாகிவிட்டது எனக்கு, ரேஷன் கடையில் தமிழ், பாரஸ்ட் ஆபீஸில் தமிழ், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொந்த அத்தையிடமே நல்லாருக்கீங்களா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், பிறகு பத்தொன்பது வயதில் இதே அறை, இதே நாற்காலியில் ரேசி டீச்சர், எங்கள் ஆள்தான், எங்கள் பேச்சில் மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் மரியாதையாகத் தமிழில் பதில் சொன்னேன், அதில் பெருமை வேறு, தெரியாது என்று எழுதினாள், வெளியே மரத்தடியில் அம்மா, ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே என்றாள் எங்கள் பேச்சில், அப்போதுதான் மடை திறந்தது, அழுது அழுது அத்தனையும் எங்கள் பேச்சிலேயே கொட்டினேன், கேட்க வேண்டிய டீச்சர்தான் அங்கே இல்லை, ஒரு வருடம் வீணானது, வாத்தியாரை மன்னித்துவிட்டேன், ரேசி டீச்சர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, அடுத்த வருடம் வாசலிலிருந்தே எங்கள் பேச்சில் பேசிக்கொண்டு உள்ளே நுழைந்து இடம் வாங்கினேன்.

டக். எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, மேசையைச் சுற்றி வந்து இவள் காலடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்கிறேன், அய்யோ மேடம், என்னங்க இது என்று பக்கத்து மேசை ஆபீஸ்காரர் பதறுகிறார், அவரைப் பார்க்காமலே இவள் குனிந்து என் கையைப் பிடித்து இழுக்கிறாள், எந்திரி அக்கா, தரை பூராவும் தூசி, நல்ல சேலையைப் பாழாக்கிக்கிட்டு என்று திட்டுகிறாள், எங்கள் பேச்சில், சொல்லுக்குச் சொல் என் அம்மா, கண் கலங்கிவிட்டது எனக்கு, நாற்காலி காலியாக இருக்கிறது, தாள் மேசைமேலேயே கிடக்கிறது, அதை எடுத்துக் கொடு என்கிறேன்.