மேட்டுக்காட்டு ஹோட்டல்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி பக்கிரிசாமிக்குத் தம் மேடைப்பேச்சின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. தீபாவளி விருந்தானாலும் சரி, யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் சரி, அவர் பேசாமல் கூட்டம் கலையாது. அவரும் கலைய விடமாட்டார். அதனால்தான் அந்த எழுபத்தொன்பதாம் வருஷம் துரை அவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"கிராணி, கோலாலம்பூர் கம்பெனிக்காரன் நம்ம மேட்டுக்காட்டுல ஹோட்டல் கட்டணும் சொல்றான். ஞாயித்துக்கிழம ஆள் வருது. லயத்து ஜனம் என்ன நெனைக்குதுன்னு கேக்கணுமாம். நீ கூட்டம் போடு." தோட்ட மேனேஜரான துரை வெள்ளைக்காரர். முப்பது வருஷமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே கற்றுக்கொண்ட தமிழ்.

"சரிங்க துரை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பக்கிரிசாமி நேரே மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தார்.

மேட்டுக்காடு என்பது லயங்களுக்குப் பின்னால், தேயிலை பட்டுப்போனதால் தோட்டம் கைவிட்ட சரிவு. பாதி நாள் மூடுபனிக்குள்ளேயே கிடக்கும். அந்தச் சரிவின் ஒரு மடிப்பில், ஒருவருக்கும் தெரியாமல், பக்கிரிசாமி ஸ்ட்ராபெரி போட்டிருந்தார். கியா பார்ம் ஊரில் ஒரு சீனரிடம் நாற்று வாங்கி வைத்தது. பழத்தைத் தானா ராத்தா டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வான். தோட்டத்து நிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு மிளகாய்ச் செடி வைத்தாலும் கூப்பிட்டுக் கண்டிக்கும் வேலை அவருடையது. போன வருஷம்தான் லயத்துக் கொல்லையில் ருக்குமணி ஏற்றியிருந்த சௌசௌக் கொடியை அவர் முன்னால் நின்று பிடுங்க வைத்திருந்தார். தோட்டத்தின் ஒழுங்கைப் பற்றி அன்றைக்கும் ஒரு சின்னப் பேச்சு உண்டு.

ஹோட்டல் வரப்போகிறது என்று முதலில் கேள்விப்பட்டபோது லயத்தில் ஒரே கொண்டாட்டம். லாரி ஓட்டும் காளியப்பன், வெயிட்டர் வேலைக்கு என்று சொல்லி, தட்டில் தேநீர் வைத்து ஒரு கையால் தூக்கிப் பழகினான். இரண்டு கிளாஸ் உடைந்தது. ஹோட்டல் எங்கே என்று தெரிந்த அன்று சாயங்காலம் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான். லயமே கம்மென்று ஆகிவிட்டது. பக்கிரிசாமி இதைக் கவனித்தார், காரணம் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம் பேச்சாலேயே ஜனங்களை நைசாக ஹோட்டலுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு.

கம்பெனி ஆள் தனராஜ் முப்பது வயதுக்காரர். காலில் பளபளவென்று சப்பாத்து, மெல்லிய சட்டை. தோட்டத்து மண்டபத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தார். பக்கத்தில் துரை பைப் புகைத்துக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி எழுந்தார். முன்னேற்றம் என்றால் என்ன என்று ஆரம்பித்து, இயற்கையன்னையிடம் போய், அன்னையின் கண்ணீரில் முடித்தார். கைதட்டல் அப்படி இப்படி இல்லை. அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

கங்காணி இருளப்பன் முதலில் எழுந்தார். "சார், மேட்டுக்காட்டுல புலி இருக்கு. உங்க ஹோட்டலுக்கு வர்ற ஆள அது தூக்கிட்டுப் போச்சுன்னா கெட்ட பேரு எங்க தோட்டத்துக்குத்தான்."

"புலியா? பாத்திருக்கீங்களா?"

"அது என்னைப் பாத்திருக்கு சார்."

கொழுந்து பறிக்கும் நீலாவதி எழுந்தாள். "அங்க அடிக்கிற காத்துல கூரை நிக்காது சார். மனுசனே நிக்க முடியாது. நாங்க யாரும் அந்தப் பக்கம் போறதே இல்ல."

ருக்குமணி, ஹோட்டல் என்றால் நீச்சல் குளம் வரும், குளம் வந்தால் அரைத்துணியோடு ஆட்கள் வருவார்கள், லயத்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் வேலைக்கே போகமாட்டார்கள் என்றாள். காளியப்பன் தன் பங்குக்கு, "வேணாம்லா சார். மலைய மலையா விட்ருங்க," என்று சொன்னான்.

பக்கிரிசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே பேச்சில் ஒரு தோட்டத்தையே திருப்பிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார்.

தனராஜும் உருகிப்போனார். "இந்த மலை மேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு நான் நெனைக்கவே இல்ல. அந்த இடத்த இப்பவே பாக்கணும். போலாமா துரை?"

மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, தான்தான் வழி காட்டுவேன் என்றார்கள். இருளப்பன் இடப்பக்கம் போகலாம் என்றார். அங்கே அட்டை கடிக்கும் என்றாள் நீலாவதி. அவள் சொன்ன வழியில் பாறை சரியும் என்றாள் ருக்குமணி. கடைசியில், பதவியை முன்னிட்டுப் பக்கிரிசாமியே முன்னால் நடந்தார். தம் மடிப்பை விட்டு விலகி, யாருமே போகாத மேல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

பனி கொஞ்சம் விலகியதும் தனராஜ் நின்றார். எதிரே வரிசை வரிசையாகக் கோஸ்.

"இது என்ன?"

"காட்டுக் கோஸ் சார். தானா மொளைக்கும்," என்றாள் நீலாவதி.

"வரிசையாவா?"

"காத்து அப்படி அடிக்குது சார். நான்தான் சொன்னேன்ல."

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். இன்னும் கொஞ்சம் போனதும் முள்ளங்கிப் பாத்தி. நடுவே ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. அது புலியை விரட்ட என்றார் இருளப்பன். அடுத்த திருப்பத்தில் ருக்குமணியின் சௌசௌப் பந்தல், பிடுங்கியதைப் போல மூன்று மடங்கு. அதற்கு அப்பால் காளியப்பனின் கேரட்.

பக்கிரிசாமிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அடப்பாவிகளா, என் பேச்சுக்கா கை தட்டினீர்கள்! "துரை, இதெல்லாம் என் கவனத்துக்கு வரவே இல்லைங்க. நாளைக்கே நடவடிக்க எடுக்கிறேன்," என்றார் விறைப்பாக.

அப்போது பின்னால் "ஐயோ" என்று ஒரு சத்தம். தனராஜ் பனியில் வழி தவறிச் சரிவில் இறங்கி, ஒரு குழிக்குள் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார். கோழிச் சாணமும் மீன் கழிவும் போட்டு மக்கவைத்த எருக்குழி. அவரைத் தூக்க எல்லோரும் ஓடினார்கள். பக்கிரிசாமி மட்டும் ஓடவில்லை. அது அவருடைய குழி. அதற்கு அடுத்தாற்போல் ஸ்ட்ராபெரிப் பாத்திகள் செக்கச்செவேலென்று கிடந்தன. மேலே மழைக்காக விரித்த தார்ப்பாயில் தோட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில். ஆபீஸ் ஸ்டோர் சாவி ஒரே ஒருவரிடம்தான் உண்டு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

துரை குனிந்து ஒரு பழத்தைப் பறித்து மென்றார்.

"கிராணி, இதத்தானே என் பெண்சாதி வாராவாரம் தானா ராத்தாவுல வாங்குது?"

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் வரவில்லை. ருக்குமணி பக்கத்தில் வந்து நின்று, "பேசுங்க கிராணி ஐயா, கேக்கறோம்," என்றாள்.

துரைதான் முதலில் சிரித்தார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து இருளப்பன் சிரித்தார். எரு வழியும் காற்சட்டையோடு தனராஜும் சிரித்தே விட்டார். அவர் போகும்போது எல்லோரும் சேர்ந்து அவருடைய லாண்ட்ரோவர் நிறையக் காய்கறி ஏற்றிவிட்டார்கள்.

ஹோட்டல் வரவில்லை. பெரிய பஸ் ஏற அந்தப் பாதை தாங்காது என்று கம்பெனி பின்வாங்கிவிட்டதாகத் துரை சொன்னார். தனராஜ் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. வேலை போச்சே என்று காளியப்பன் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

துரை ஒரு முடிவு செய்தார். மேட்டுக்காட்டை எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கயிறு கட்டிக் கொடுக்க வேண்டும், கட்டுவது கிராணி. அதோடு பக்கிரிசாமியின் நிம்மதி போயிற்று. நீலாவதியின் கயிறு ஒரு முழம் தன் பக்கம் வந்துவிட்டது என்று ருக்குமணி காலையில் வருவாள். அதே கயிறு தன் பக்கம் வந்துவிட்டது என்று நீலாவதி மத்தியானம் வருவாள். புலி கயிற்றை அவிழ்த்திருக்கலாம் என்பார் இருளப்பன்.

ஒருநாள் இரண்டு பெண்களுக்கும் நடுவில், மழையில், ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுக்க, பக்கிரிசாமி நின்றுகொண்டிருந்தார்.

"பேசாம அந்த ஹோட்டலையே கட்ட விட்டிருக்கலாம்," என்று முனகினார்.

இழுத்த இருவரும் கயிற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"என்ன ஐயா சொல்றீங்க? உங்க பேச்சக் கேட்டுத்தானே நாங்க வேணாம்னோம்," என்றாள் நீலாவதி, சிரிக்காமல். ருக்குமணியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை.