செய்தித்தாளில் சுற்றிய கற்கள்

மீனலோசனி ஆன்ட்டி முதன்முதலில் அந்த மரப்பெட்டிகளைத் திறந்து காட்டியபோது, உள்ளே இருப்பவை கற்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் பழைய தமிழ் நாளிதழின் ஒரு தாளில் சுற்றப்பட்டு, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. தூங்கும் குருவிகளைப் போல நெருக்கியடித்துப் படுத்திருந்தன. ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன்.

“அவிழ்க்காதையும் பிள்ளை” என்றார் ஆன்ட்டி. “அவிழ்த்தால் எல்லாம் போச்சு.”

அவருடைய அப்பா சோமசேகரம் மலேசிய அரசாங்கத்தின் நிலவியல் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஜொகூரின் ஓடைகளில் இறங்கி நடந்து, பாறைகளை உடைத்துப் பார்த்து வரைபடம் போடுவது அவர் வேலை. உடைத்தெடுத்த கல்லை அன்றைய பேப்பரில் சுற்றி, தாளின் ஓரத்தில் நீலப் பென்சிலால் இடத்தை எழுதிவிடுவார். அலுவலகம் திரும்பிய பிறகுதான் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்ட் வைத்து, அது காய்ந்ததும் மையால் எண் எழுதுவார்கள். பொட்டு விழுந்தபின் பேப்பர் குப்பைக்குப் போகும். ஆனால் 1969இல் சிகாமாட் பக்கம் போனவர், திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மருத்துவமனைக்குப் போனார். கற்கள் பொந்தியான் வீட்டுக்கு வந்தன. அவரும் சரி, கற்களும் சரி, அலுவலகம் திரும்பவே இல்லை. அதனால் இந்தக் கற்களுக்குப் பொட்டும் இல்லை, எண்ணும் இல்லை. சுற்றிய பேப்பர்தான் அவற்றின் முகவரி.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஜொகூர் நிலவியல் வரலாற்றுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய வரைபடங்கள், கண்ணாடித் தகட்டுப் புகைப்படங்கள், ஓய்வுபெற்றவர்களின் குரல் பதிவுகள். நான் அங்கே ஒப்பந்த உதவியாளர். சிங்கப்பூரிலிருந்து ஒரு சேகரிப்பாளரும் இந்தப் பெட்டிகளைக் கேட்டு வந்திருக்கிறார். ஆன்ட்டி அவருக்குக் கொடுக்கவில்லை.

“பொட்டு வைக்கிற வரைக்கும் ஒரு கல்லையும் பிரிக்க மாட்டோம் ஆன்ட்டி” என்றேன். “நான் பார்த்துக்குறேன்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவுப் பொட்டலம் ஒன்றை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இது கடைசியா எடுத்தது. இது என்னட்டை இருக்கட்டும். மற்றதுகளை எப்பிடி வைச்சிருக்கிறீர் எண்டு பார்த்திட்டு, பிறகு தாறன்.”

தாளின் ஓரத்தை எனக்குக் காட்டினார். நீல எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. சாஆ தோட்டம், பாலத்துக்குக் கீழே, இடது கரை. என் அம்மா பிறந்த தோட்டம் அது. அந்தப் பாலத்தடியில்தான் துணி துவைப்பார்களாம். எங்கள் துணிக்கல்லிலிருந்துகூட ஒரு துண்டு அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். மடியில் இருந்த நாவலில் ஏதோ ஒரு வடக்கு நாட்டில் பனி பெய்துகொண்டிருந்தது. ஒரு பக்கமும் நகரவில்லை.

காப்பகத்தில் எனக்கு மேலே இருந்தவர் யோகேஸ்வரி. எல்லாருக்கும் யோகாக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் அவருடைய காரில்தான் வருவேன். முன் சீட்டில் நான் புத்தகம் படிப்பேன். சிக்னல் விழும்போது என் தலையில் தட்டுவார்.

“எங்கமா இருக்கே? ரஷ்யாவா, ஜப்பானா? பாஸ்போர்ட் முத்திரை குத்திட்டு இறங்கு. ஆபீஸ் வந்துருச்சு.”

பொட்டலங்களின் கதையை முதலில் அவரிடம்தான் சொன்னேன். பாறையியல் விரிவுரையாளர் தயானந்தன் சாரும் அன்று கூட இருந்தார்.

“கல்லைப் பார்த்து என்ன கல்லுன்னு சொல்லிடலாம்” என்றார் சார். “எங்க எடுத்ததுன்னு சொல்ல முடியாது. எடம் தெரியாத கல்லு ரோட்டுக்குத்தான் லாயக்கு.”

“கேட்டுக்கிட்டேன் சார்” என்றார் யோகாக்கா, என்னைக் காட்டி. “யாரும் தொட மாட்டாங்க. தேனு காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்திருக்கா, யாரு கிட்ட வருவா?”

வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் மெல்லிய தூரிகையும் வாங்கி என் மேசைமேல் வைத்தேன். திறப்பு விழா முடிந்ததும் வேலையைத் தொடங்குவதாகப் பேச்சு. விழாவில் வரைபடங்களும் புகைப்படங்களும் மட்டும்தான். பெட்டிகளை மூடியபடியே ஓர் ஓரமாக வைப்போம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் யோகாக்கா என்னைப் பொந்தியானுக்குப் போகச் சொன்னார்.

“ஆன்ட்டியோட குரலைப் பதிவு பண்ணிட்டு வந்துரு. அவசரமே இல்ல. நல்லா உட்கார்ந்து பேசு. சாயங்காலம் ஆபீஸுக்கு வர வேணாம், நேரா வீட்டுக்குப் போயிரு.”

வழியில் சாப்பிட நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்கூடக் கட்டிக் கொடுத்தார். சம்பல் தனியாக, நான் காரம் தாங்க மாட்டேன் என்று.

அன்று ஆன்ட்டி மாலைவரை பேசினார். அப்பாவின் காலணிகளை வாசலில் கவிழ்த்துத் தட்டினால் ரத்தம் குடித்த அட்டைகள் விழும் என்றார். “அம்மா உப்புச் சிரட்டையோடை நிண்டுகொண்டிருப்பா” என்று சிரித்தார். விழாவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார். அந்தக் கடைசிப் பொட்டலம் இருந்த அலமாரியைக் காட்டி, “அதையும் கொண்டு வாறன்” என்றார்.

மறுநாள் காலை காப்பகக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை சுவரில் மாட்டியிருந்த சட்டங்கள். கண்ணாடிக்குள் நாளிதழ்த் தாள்கள். ரப்பர் விலை, கோலாலம்பூர் கச்சேரி, சினிமா விளம்பரம். இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்திருந்தார்கள். சில தாள்களில் நீல எழுத்து இருந்த ஓரத்தைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி மடித்துப் பின்னால் தள்ளியிருந்தார்கள்.

நான் தேநீர் போடும் பேன்ட்ரிக்கு ஓடினேன். தொட்டியின் பக்கத்தில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி நிறையக் கற்கள். கழுவி, நீர் வடிந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில். பாத்திரம் துலக்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை அடித்தது.

யோகாக்கா பின்னால் வந்து நின்றார்.

“டீனுக்குப் பேப்பர் ரொம்பப் புடிச்சிருச்சு. சுவர் முழுக்க அதுதான் வேணும்னு சொல்லிட்டாரு. நான் என்ன பண்றது?”

“எந்தக் கல்லு எந்தப் பேப்பர்லேர்ந்து வந்துச்சுன்னு…”

“நேரம் இல்லமா. நானும் ரெண்டு பசங்களும் சேர்ந்து பிரிச்சோம்.”

“உங்களுக்குத் தெரியும்லக்கா. சார் சொன்னப்ப நீங்களும் இருந்தீங்க.”

“அலமாக், கல்லுதானே தேனு! யாரு வந்து கேக்கப் போறா? எனக்கு அடுத்த மாசம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. டீன்தான் தலைமை. நீ இருந்திருந்தா விட்டிருப்பியா?”

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பார்வையைத் தாழ்த்தினார். நாசி லெமாக்கின் வாழையிலை வாசனை எனக்கு எங்கிருந்தோ வந்தது.

“ஆன்ட்டிக்கு நான் போன் பண்ணணும்” என்றேன்.

“நீ பண்ணாதே. நீ அழுதுருவே. என் தப்பு, நானே சொல்றேன்.” என் தோளைத் தொட்டார். “நம்புமா.”

நம்பினேன். இவ்வளவுக்குப் பிறகும். வருஷக் கணக்காக என்னைத் தலையில் தட்டி எழுப்பிய கை அது. மாலையில், “பேசிட்டேன், ஒண்ணும் சொல்லல, நாளைக்கு வராங்க” என்றார். அன்றும் அவர் காரில்தான் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைத் திறக்கவில்லை.

விழாவன்று மீனலோசனி ஆன்ட்டி வெளிர்நீலச் சேலையில், கைத்தடியோடு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு சட்டத்தின் முன்னாலும் நின்று பார்த்தார். சிலர் சினிமா விளம்பரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடு மேசையில் கண்ணாடித் தட்டு ஒன்றில் கற்களைக் குவித்து வைத்து, ‘ஜொகூர் பாறைகள், சோமசேகரம் நினைவாக’ என்று எழுதியிருந்தது. ஆன்ட்டி அதன் முன் நெடுநேரம் நின்றார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைக்கப் பார்த்தார். எடுத்த இடம் எது என்று தெரியாமல் அவர் கை தட்டின் மேலேயே நின்றது. பிறகு ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்.

நான் பக்கத்தில் போனேன்.

“ஆன்ட்டி.”

“நீர்தான் பிரிக்கலாம் எண்டு சொன்னனீராம்” என்றார். குரலில் கோபமே இல்லை. “அந்தப் பிள்ளை போனிலை சொன்னா. தேன்மொழி யோசிச்சுத்தான் முடிவு எடுத்தவ, நீங்க கவலைப்படாதேங்கோ எண்டு.”

கூடத்தின் மறுமுனையில் யோகாக்கா டீனுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

“நான் சொல்லல ஆன்ட்டி. சத்தியமா இல்ல. அன்னிக்கு உங்க வீட்டுலதானே இருந்தேன். என்னை அங்க அனுப்பிட்டு…”

“ம்.”

“நம்புறீங்களா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

“நம்புறன் பிள்ளை. ஆனா நான் அவவை அறியன். டீனையும் அறியன். உம்மட்டைத்தானே தந்தனான்.”

அதற்குப் பிறகு அவர் கேக் வெட்டும்வரை இருக்கவில்லை. படியிறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன், விலக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அவர் வரவழைத்த வாடகைக் கார் காத்திருந்தது. கைத்தடியை முதலில் உள்ளே வைக்க வேண்டும், பிறகு கதவைப் பிடித்து உட்கார வேண்டும். அதற்காகப் பையை என்னிடம் நீட்டினார்.

வாங்கியதும் கை கீழே இறங்கியது. துணிக்கு உள்ளே பழைய பேப்பர் நொறுங்கும் சத்தம். சணல் முடிச்சு விரல்களில் நெருடியது. பாலத்துக்குக் கீழே, இடது கரை. பையை மார்போடு அணைத்தபடி நின்றேன்.

ஆன்ட்டி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துவிட்டு, கை நீட்டினார்.

“தாரும்.”

கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கார் வாசலைத் தாண்டி வளைந்தது.

“தேனு!” படிக்கட்டிலிருந்து யோகாக்கா கூப்பிட்டார். “உள்ள வா லா, குரூப் போட்டோ எடுக்குறாங்க.”