எண்பத்தேழாவது வரி

சாய்மாவின் ஆய்வுக் கட்டுரை தேர்வாகிவிட்டது என்று எங்கள் கைடு ராகவன் சார் அறிவித்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது நான்தான். வயிறு எரிகிறவள் அப்படித்தான் தட்டுவாள்.

நான் மாளவிகா. அடையாறு பக்கம் இருக்கும் எங்கள் லேபில் பிஎச்.டி. ஐந்தாம் வருடம். சாய்மா இரண்டாம் வருடம். பட்டினப்பாக்கத்துப் படகுகளில் சின்னக் கருவிகளைக் கட்டி, கடலிலிருந்து அவை அனுப்பும் ரேடியோ செய்திகளில் எத்தனை கரைக்கு வந்து சேர்கின்றன என்று எண்ணுகிறாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வருகிறதாம். அதே கருவியைப் பஸ்களில் வைத்து நான் எண்ணியபோது எண்பத்தொன்றைத் தாண்டவில்லை. படகுக்காரர்கள் அவளுக்கு வஞ்சிர மீன் கொடுத்தனுப்புகிறார்கள். என் கண்டக்டர்கள் என்னை இறங்கச் சொன்னார்கள்.

ஜெர்மனியில் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்ய எங்கள் லேபுக்கு ஒரே ஓர் இடம். திங்கட்கிழமை சார் பெயர் அனுப்ப வேண்டும். யார் பெயர் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செய்திகளை எண்ணும் அவளுடைய கம்ப்யூட்டர் புரோகிராமை இரண்டு நாள் தோண்டினேன். எண்பத்தேழாவது வரியில் அகப்பட்டது. பத்து நிமிடம் செய்தி எதுவும் வராவிட்டால் புரோகிராம் எண்ணுவதையே நிறுத்திவிடுகிறது. மறுபடி செய்தி வந்ததும் புதிதாகத் தொடங்குகிறது. நடுவில் தொலைந்தவை கணக்கில் வருவதே இல்லை. படகு சிக்னல் எட்டாத தூரம் போய்த் தொலைத்ததையெல்லாம் விட்டுவிட்டால் தொண்ணூற்றாறு வராமல் என்ன செய்யும்? அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், ரொம்ப அக்கறையாகக் கேட்கிற குரலில் அந்த வரியைக் காட்டினேன். சாய்மாவின் முகம் வெளுத்தது. இந்த வரியை எழுதியது யார் என்று சார் கேட்டார். அதற்கென்றே ‘பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று பெயரோடு காட்டிவிடும். சாய்மாவுக்கு முன் நானே முந்திக்கொண்டு அதைத் தட்டினேன்.

திரையில் என் பெயர் வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம்.

லேபில் பழைய புரோகிராமை எடுத்து அதன்மேல் வேலை செய்வது எல்லோருடைய வழக்கம். அவள் எடுத்தது என்னுடையதை. டிப்போவில் இன்ஜினை அணைத்தால் கருவியும் அணைந்துவிடும்; அந்த நேரத்தைத் தொலைந்த கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்காக நான் எழுதிய வரி அது. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பஸ் ஓடிண்டே இருந்து சிக்னல் மட்டும் போயிருந்தா?”

அப்படியானால் என் எண்பத்தொன்றும் பொய். இரண்டு பேரும் முதலிலிருந்து எண்ண வேண்டும், சாய்மாவின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஜெர்மனிக்கு இந்த முறை யார் பெயரும் போகாது என்று சொல்லிவிட்டுச் சார் எழுந்து போனார்.

மாடிப்படியில் சாய்மா நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு தடவை சரிபார்த்திருக்கலாமே என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

“நீங்க எழுதினதாச்சேக்கா,” என்றாள். “அதான் பாக்காமலே எடுத்துக்கினேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.